தலை சுத்தலுக்கு அவசரம் இல்லீங்க, காது அடைப்புக்குத்தான் அவசரம்

எங்க பக்கம் ஒருத்தருக்குத் தலை சுத்துச்சுன்னா மொதல்ல பித்தம்னுதான் சொல்லுவாங்க. எலுமிச்சம்பழத்தைப் புழிஞ்சு குடுப்பாங்க, அப்புறம் பிரஷர் பாப்பாங்க, அப்புறம் சுகர், அதெல்லாம் சரியா இருந்துச்சுன்னா ரத்தம் கம்மியா இருக்கும் முருங்கைக்கீரை சாப்புடுன்னு ஒரு அத்தை சொல்லும். காதுன்னு யாரும் சொல்லமாட்டாங்க. நானும் நெனைக்கல. போன வருஷம் ஆடி மாசம், பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து பல்லடம் ரோட்டுல வண்டியோட ஆளைத் தள்ளுற நேரம், ஒரு வாரம் சளி காய்ச்சல்னு கெடந்து எந்திரிச்சு, சரி முடிஞ்சுதுன்னு நெனைச்ச மறுநாள் காத்தால நாலரை மணிக்குப் பொடக்காலிக்குப் போலாம்னு கட்டில்ல இருந்து எந்திரிச்சவன் அப்படியே இடது பக்கமாப் போயி சுவத்துல முட்டுனேன். வீடு சுத்துச்சுங்க. சுத்தற மாதிரி இருந்துச்சுன்னு சொல்லல, சுத்துச்சு, டியூப்லைட் வலது பக்கமா ஓடுது, ஓடி முடியறதுக்குள்ள திருப்பி பழைய எடத்துல இருந்து ஓடுது, கண்ணை மூடுனா கட்டிலே ஓடுது.

அன்னைக்கு வந்தது ரெண்டு. ஒண்ணு இந்தச் சுத்தல், இன்னொண்ணு இடது காதுல, கெணத்துல குதிச்சு எந்திரிச்சா தண்ணி அடைச்சுக்குமே, அந்த மாதிரி ஒரு அடைப்பு, கூடவே குய்ய்ய்னு ஒரு சத்தம். வாந்தி எடுத்துட்டுக் கெடக்கறவனுக்கு சுத்தல்தான் பெருசாத் தெரியும், அடைப்பை யாரும் கண்டுக்கல. பக்கத்துல ஒரு கிளினிக்ல ஊசி, ஒரு பாட்டில் குளுக்கோஸ், ஸ்டெமெட்டில் மாத்திரை பத்து நாளைக்கு, நல்லா ரெஸ்ட் எடுங்க தலையை அசைக்காதீங்கன்னு சொல்லி அனுப்புனாங்க. காது அடைச்ச மாதிரி இருக்குதுங்களேன்னு கேட்டதுக்கு சளி எறங்கியிருக்கும், தானாச் சரியாப் போயிரும்னாங்க. அந்த ரெண்டு பேச்சுமே தலைகீழுன்னு புரியறதுக்கு எனக்கு ரொம்ப நாள் ஆச்சு. அசையாம கெடன்னு சொன்னது தப்பு, தானாச் சரியாகும்னு சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. ஒரே கிருமி ஒரே எடத்துல பண்ணுன சேதம்தான், ஆனா சுத்தல் சரியாகுற வழி வேற, காது சரியாகுற வழி வேற, ஒண்ணுக்கொண்ணு நேர் எதிர். இந்தக் கட்டுரையே அதைச் சொல்லத்தானுங்க.

உள்காதுங்கறது மண்டை எலும்புக்குள்ள பொதைஞ்சு கெடக்கற ஒரு சின்ன தண்ணித்தொட்டி. அதுல ஒரு பக்கம் நத்தைக்கூடு மாதிரி ரெண்டரைச் சுத்து சுத்துன ஒரு உறுப்பு, காக்ளியான்னு பேரு, பட்டாணி சைஸ்தான், சுருளைப் பிரிச்சு நீட்டுனா 35 மில்லிமீட்டர் வரும், கேக்கற வேலை பூரா அதுக்குள்ள. இன்னொரு பக்கம் மூணு அரைவட்டக் குழாய். கொத்தனார் மட்டம் பாக்கறதுக்குத் தண்ணி ஊத்துன டியூப்பைப் புடிப்பாரே, அந்த மாதிரி மூணு டியூப்பை மூணு திசையில வெச்சாப்புல, தலை எந்தப் பக்கம் திரும்புனாலும் ஏதோ ஒரு டியூப்ல தண்ணி அசையும், அதை வெச்சு மூளை கண்டுபுடிச்சுக்கும். அதுக்குக் கீழ தூக்குக்குண்டு வேலை பாக்கறதுக்கு ரெண்டு பை, அதுமேல பொடிப்பொடியா சுண்ணாம்புக் கல்லு ஒட்டியிருக்கும், மேல எது கீழ எதுன்னு அதுதான் சொல்லும். கேக்கறதுக்கும் நிக்கறதுக்கும் ரெண்டுக்குமே தண்ணி ஒண்ணுதான், தொட்டி ஒண்ணுதான். அதனாலதான் கிருமி உள்ள பூந்தா ரெண்டும் சேந்து போகுது.

இதுக்கு லேபிரிந்தைட்டிஸ்னு பேரு. சளி காய்ச்சல் வந்து போன பின்னாடி வர்றதுல பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். காது நல்லாக் கேட்டுட்டு சுத்தல் மட்டும் நாள்கணக்குல இருந்தா அது பக்கத்து வீட்டு வியாதி, வெஸ்டிபுலர் நியூரைட்டிஸ், நரம்பு மட்டும் வீங்குனது. பொன்னுக்கு வீங்கி தெரியுமில்லீங்க, கழுத்துல தங்கச் சங்கிலி போட்டு விட்டு வேப்பெலை வெச்சு ஒரு வாரம் வீட்டுக்குள்ள வெப்பாங்க, அந்த வைரஸும் சில கொழந்தைங்களுக்கு ஒரு பக்கக் காதை மொத்தமா எடுத்துட்டுப் போயிரும், பல வருஷம் கழிச்சு அந்தக் காதுல போனை வெச்சுப் பாக்கறப்பத்தான் தெரியும். காதுல அக்கி வந்து மூஞ்சி கோணுனாலும் இதே கதைதான், அதுக்கு உடனே மருந்து உண்டு. பாக்டீரியாவால வர்றது கம்மி, ஆனா மோசம். வருஷக்கணக்கா காதுல சீழ் வடிய விட்டுட்டு, காதுல எண்ணெய் காய்ச்சி ஊத்திட்டு, பூண்டைத் தட்டிப் புழிஞ்சுட்டு இருக்கறவங்களுக்கு அந்தச் சீழ் எலும்பை அரிச்சுட்டு உள்காதுக்குள்ள போகும், அங்கிருந்து மூளை ரொம்ப தூரம் இல்ல. ஓட்டை விழுந்த செவிப்பறைக்குள்ள சுடுற எண்ணெய் போனா என்ன ஆகும்னு நான் சொல்லவேண்டியதில்ல. மூளைக்காய்ச்சல் வந்த கொழந்தைக்கு இது தலைகீழா நடக்கும், மூளையில இருந்து கிருமி காதுக்கு வரும், வந்து ஆறுன எடத்துல காக்ளியாவுக்குள்ள எலும்பே வளந்து அடைச்சிரும், அப்புறம் ஆபரேஷன் பண்ணி உள்ள பொருத்தற காக்ளியர் இம்ப்ளான்ட்ங்கற கேக்கற கருவி வெக்கறதுக்குக்கூட எடம் இருக்காது. அதனால அந்தக் கொழந்தைங்களுக்கு டிஸ்சார்ஜ் ஆகறதுக்குள்ள, முடியலைன்னா ஆன கையோட, காது டெஸ்ட் எடுத்தே ஆகணும்.

சரி, ஏன் வீடு சுத்துச்சு? ரெண்டு காதும் ஜோடி மாடு மாதிரீங்க. நம்ம சும்மா உக்காந்திருக்கறப்பவும் ரெண்டு பக்கத்து நரம்பும் விநாடிக்கு ஏறக்கொறைய 90 தடவை மூளைக்கு சிக்னல் அனுப்பிட்டே இருக்கும். ரெண்டும் சமமா இழுத்தா வண்டி நேராப் போகும், அதாவது தலை அசையலைன்னு மூளைக்கு அர்த்தம். வலது பக்கம் திரும்புனா வலதுல எச்சாவும் இடதுல கம்மியாவும் வரும். இப்ப இடது மாடு திடீர்னு படுத்திருச்சுன்னு வைங்க, வலதுல 90, இடதுல ஒண்ணுமில்ல, மூளை என்ன நெனைக்கும், தலை வேகமா வலது பக்கம் சுத்துதுன்னு நெனைக்கும். உடனே கண்ணை இடது பக்கமா இழுக்கும், அது ஓரத்துக்குப் போனதும் படக்னு திருப்பி இழுக்கும், அதுதான் டியூப்லைட் ஓடுனது. ஒடம்பு இடது பக்கம் சாயும், ஒரு மாடு படுத்தா வண்டி அந்தப் பக்கமாத்தானே இழுக்கும். ஆக நான் பாத்தது மயக்கமும் இல்ல பித்தமும் இல்ல, கணக்குத் தப்பு.

இந்தக் கணக்கை மொத மொதல்ல தெளிவாப் புடிச்சவர் ராபர்ட் பாரனினு வியன்னாவுல இருந்த ஒரு காது டாக்டர். காதுல தண்ணி பீச்சிக் கழுவுறப்ப ஆளுங்க தலை சுத்துதுன்னு சொல்லியிருக்காங்க, தண்ணி ஆறிப்போயிருந்தா கண்ணு ஒரு பக்கம் ஆடுது, சூடா இருந்தா எதிர்ப்பக்கம் ஆடுது. காதுக்குள்ள போற சூடும் குளிரும் அந்த டியூப்ல இருக்கற தண்ணியை ஓடவெக்குதுன்னு புரிஞ்சுக்கிட்டார், அடுப்புல வெச்ச பாத்திரத்துல சூடான தண்ணி மேல வருமே அதுதான். இதுக்கு 1914க்கான நோபல் பரிசு குடுத்தாங்க, அப்ப மனுசன் ரஷ்யாக்காரங்ககிட்ட போர்க்கைதியா இருந்தார். அதே டெஸ்ட்டை இன்னைக்கும் பண்றாங்க, 30 டிகிரித் தண்ணி, 44 டிகிரித் தண்ணி, ஒவ்வொரு காதா. எனக்கு ரெண்டு மாசம் கழிச்சுப் பண்ணுனாங்க. வலது காதுல ஊத்துன அர நிமிசத்துல ரூம் கிறுகிறுன்னு கெளம்பிருச்சு, பெட்டைப் புடிச்சுக்கிட்டேன். இடது காதுல ஊத்துனாங்க, தண்ணி ஜில்லுன்னு இருந்துச்சு, அவ்வளவுதான். டெக்னீசியன் தம்பி இன்னொருக்கா ஊத்துனாரு, ஒண்ணுமில்ல, படுத்த மாடு எந்திரிக்கவே இல்ல. ஆனா அன்னைக்கு நான் திருப்பூர்ல இருந்து கோயம்புத்தூருக்கு பஸ்ல நின்னுட்டே போயிருந்தேனுங்க, எங்கயும் சுத்தல.

இதுதான் எல்லாரும் தெரிஞ்சுக்கவேண்டிய எடம். சுத்தல் நின்னுச்சுன்னா காது ஆறிருச்சுன்னு அர்த்தம் இல்ல. பல பேருக்கு காது பாதிதான் ஆறும், சிலருக்கு ஆறவே ஆறாது, ஆனா மூளை புதுக் கணக்குப் போட்டுக்கும், ஒத்தை மாட்டை வெச்சு வண்டியை நேரா ஓட்டறதுக்குப் பழகிக்கும். அப்படிப் பழகணும்னா அதுக்குத் தப்பு தெரியணும். தலை அசையணும், கண்ணு மங்கணும், கொஞ்சம் சுத்தணும், அப்பத்தான் இங்க கணக்கு ஒதைக்குதுன்னு சிறுமூளைக்குத் தெரிஞ்சு திருத்தும். கட்டில்ல ஆடாம அசையாமக் கெடந்தா என்னத்தைத் திருத்தும்? 1940களிலேயே இங்கிலாந்துல காதார்ன்னு ஒரு காது சர்ஜனும் குக்ஸின்னு இன்னொரு டாக்டரும் சேந்து, தலையில அடிபட்டவங்களையும் காதுல ஆபரேஷன் ஆனவங்களையும் படுக்க விடாம எழுப்பி, தலையாட்ட வெச்சு, பந்து தூக்கிப்போட வெச்சு, கண்ணை மூடி நடக்க வெச்சுப் பாத்தாங்க, சீக்கிரம் அசைஞ்சவங்க சீக்கிரம் தேறுனாங்க. காதார்ன்-குக்ஸி எக்சர்சைஸ்னு இன்னைக்கும் பேப்பர்ல பிரிண்ட் போட்டுக் குடுக்கறது அதுதான்.

மாத்திரையும் இங்கதான் எடக்குப் பண்ணுது. ஸ்டெமெட்டில், ஸ்டூஜெரான் மாதிரி மருந்தெல்லாம் மொத ரெண்டு மூணு நாளைக்கு வேணும், வாந்தி எடுத்துட்டுக் கெடக்கறவன் எப்படித் தலையாட்டுவான். அதுக்கு மேல தின்னா அது சுத்தலை மட்டும் அமுக்காது, மூளை கத்துக்கறதையும் சேத்து அமுக்கிரும். எங்க சொந்தத்துலயே ஒரு பெரியம்மா வருஷக்கணக்கா டெய்லி ராத்திரி ஒண்ணு போட்டுட்டு இருக்குது, எதுக்குங்க பெரிம்மான்னா நிறுத்துனா வந்துருமோன்னு பயமா இருக்குது கண்ணுன்னு சொல்லும். எழுதிக் குடுத்த டாக்டரை அது திருப்பிப் பாக்கவே இல்ல, மெடிக்கல் ஷாப்ல பழைய அட்டையைக் காட்டுனா குடுத்துடறாங்க. நானே அந்தப் பத்து நாள் மாத்திரையில ஆறு நாள் தின்னவன்தான்.

அப்புறம் எனக்குச் சொல்லிக்குடுத்த பயிற்சி என்னன்னா, சுவத்துல தினசரி காலண்டர். கை நீளத்துக்கு நின்னு தேதி நம்பரையே பாத்துட்டுத் தலையை மட்டும் எடம் வலமா ஆட்டணும், நம்பர் மங்காம இருக்கற அளவுக்கு வேகம், ஒரு நிமிசம். அப்புறம் மேலயும் கீழயும் ஒரு நிமிசம். ஒரு நாளைக்கு மூணு தடவைக்குக் கொறையாம, மொத்தம் 12 நிமிசமாவது வரணும், ரொம்ப நாள் இழுத்த கேஸ்னா 20 நிமிசம். நல்ல காதுக்காரருக்கு தலை திரும்புன 10 மில்லிசெகண்டுக்குள்ள கண்ணு எதிர்ப்பக்கம் திரும்பி எழுத்தைப் புடிச்சுக்கும், எனக்கு இடது பக்கம் ஆட்டுறப்ப மட்டும் 17ங்கற நம்பர் குதிச்சு பக்கத்துல இருந்த ராகுகாலத்து மேல போயி உக்காரும். பத்து நாள்ல குதிக்கறது கொறைஞ்சுது. மூணு வாரத்துல 17 எடத்துலயே நின்னுச்சு (அப்ப தேதி வேற, சொல்ற கணக்குக்கு 17). அதுக்கப்புறம் ஒரு கால் முன்னாடி ஒரு கால் வெச்சு நிக்கறது, தலையணை மேல நிக்கறது, இட்டேரியில தலையைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டே நடக்கறது. மொத ஒரு மாசத்துக்கு எப்பவும் யாராவது ஒருத்தர் பக்கத்துல இருக்கணும், இருட்டுல நடக்கவே கூடாது, கண்ணும் இல்லாமப் போனா ஒத்தைக் காதை வெச்சு ஒடம்பு நிக்காது, கெணத்து மேட்டுப் பக்கம், மாடிப்படி, வண்டி ஓட்டறது எதுவும் வேண்டாம்.

எனக்குக் கஷ்டமா இருந்தது இதெல்லாம் இல்லீங்க, என்னோட தொழில்தான். நிட்டிங் மெஷின் வெச்சிருக்கறேன். சர்க்குலர் மெஷின் சுத்திட்டே இருக்கும், மேல கோன்ல இருந்து நூலெல்லாம் வரிவரியா எறங்கும், கீழ துணி உருண்டுட்டே வரும். காது போனவுடனே மூளை என்ன பண்ணும்னா காதை நம்பறதை விட்டுட்டு கண்ணையே புடிச்சுத் தொங்கும், அதனால கண்ணு முன்னாடி பெருசா எது நகந்தாலும் நம்மதான் நகர்றோம்னு நெனைச்சுக்கும். சூப்பர் மார்க்கெட் வரிசை, பஸ் ஜன்னல், கூட்டம், போன்ல வேகமாத் தள்றது, பல்லடம் தாண்டி நிக்கற காத்தாடிங்க எல்லாம் இதே எபெக்ட்தான். ஷெட்டுக்குள்ள கால் வெச்ச மொத நாள் கோடு போட்ட துணி ஒண்ணு ஓடிட்டு இருந்துச்சு, பாத்த அஞ்சாவது செகண்ட்ல கம்பத்தைப் புடிச்சேன். என்னங்ணா ஆச்சு உக்காருங்ணான்னு பையன் சேர் கொண்டாந்து போட்டான். அன்னைக்கு அஞ்சு செகண்ட், மறுநாள் பத்து, கொமட்டல் வந்தா வெளிய போயி நின்னு தூரத்துல தென்னமரத்தைப் பாத்துட்டுத் திருப்பி உள்ள வர்றது. ஆறு வாரத்துல ஒரு ரோல் முழுசா நின்னு பாத்தேன். பயந்துட்டு அந்தப் பக்கமே போகாம இருந்தவங்களுக்கு என்ன ஆகும்னா, காதுல வேலை முடிஞ்ச பின்னாடியும் ஆடற மாதிரியே, மெத்தை மேல நடக்கற மாதிரியே மூணு மாசத்துக்கு மேலயும் இழுத்துட்டு நிக்கும், 2017ல அதுக்குன்னு தனியா ஒரு பேரே வெச்சு வரையறை போட்டிருக்காங்க, பிபிபிடின்னு சொல்லுவாங்க. மனசுல வந்த வியாதின்னு யாராவது சொன்னா நம்பவேண்டாம், மூளை பழைய பயத்தையே புடிச்சுட்டு விடமாட்டேங்குதுன்னு வெச்சுக்கலாம், அதுக்கும் வழி அதே பயிற்சிதான், மெதுவா.

சுத்தல் கதை இத்தோட போதும். ரெண்டு மூணு நாள்ல கடுமை அடங்கும், சில வாரத்துல நடமாட்டம் வரும், ரெண்டு மூணு மாசத்துல பெரும்பாலானவங்க பழைய ஆளாயிருவாங்க. பொறுமையா இருக்கலாம்.

காதுக்கு அந்தப் பொறுமை ஆகாது. காக்ளியாவுக்குள்ள முடி மாதிரி முளை வெச்ச செல்லுங்க இருக்குது, ஒரு காதுக்கு சுமார் 15,000, பொறக்கறப்ப குடுத்ததுதான், செத்தா மறுபடி மொளைக்காது. மனுசனுக்கு மொளைக்காது, கோழிக்கு மொளைக்கும், 1980கள் கடைசியில கண்டுபுடிச்சாங்க, பறவைங்களுக்கு சத்தத்தாலயோ மருந்தாலயோ இந்தச் செல்லு செத்தா சில வாரத்துல புதுசா வந்துருது. பல்லடம் கோழிப்பண்ணைப் பக்கம் போறப்பெல்லாம் எனக்கு இது ஞாபகம் வந்துரும், நாப்பது நாள் வாழப்போற பிராய்லருக்கு இருக்கற வசதி நமக்கு இல்ல. மூளை இங்க ஒண்ணும் சரிக்கட்ட முடியாது, வராத சத்தத்தை அது எங்கிருந்து கொண்டாரும். அதனால செல்லு சாகறதுக்கு முன்னாடி வீக்கத்தை அமத்தணும், அதுக்குத்தான் ஸ்டீராய்டு. 72 மணி நேரத்துக்குள்ள பக்கத்துப் பக்கத்துல இருக்கற மூணு அலைவரிசையில கேக்கற அளவு 30 டெசிபலுக்கு (சத்தத்தை அளக்கற கணக்கு) மேல எறங்குனா அதைத் திடீர் நரம்புக் காது மந்தம்னு வெச்சு ஈஎன்டி எமர்ஜென்சியாப் பாக்கணும்னு சொல்றாங்க. மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு ரெண்டு வாரம்தான் நல்ல காலம், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அதுல தேறலைன்னா ரெண்டுல இருந்து ஆறு வாரத்துக்குள்ள செவிப்பறை வழியா ஊசியாப் போடுவாங்க, மருந்து நேரா நடுக்காதுல நின்னு உள்ள ஊறும். ஸ்டீராய்டு எல்லாருக்கும் வேலை செய்யும்னு யாரும் சத்தியம் பண்ணமாட்டாங்க, ஆதாரம் அவ்வளவு கெட்டியா இல்ல, ஆனா வேற கைவசம் இல்ல, நேரம் போனா திரும்பாது. சுகர் இருக்கறவங்க மாத்திரை தின்னா சுகர் எகிறும், அதை மொதல்லயே சொல்லிறணும், அவங்களுக்கு காதுல போடற ஊசி ஒரு வழி.

நான் ஆறாவது நாள்தான் போனேன். கோயம்புத்தூர்ல ஈஎன்டி டாக்டரம்மா மொதக் கேள்வியே அடைப்பு என்னைக்கு வந்துச்சுன்னுதான். சுத்தலைப் பத்தி அப்புறந்தான் கேட்டாங்க. 512 ஹெர்ட்ஸ் ட்யூனிங் ஃபோர்க்கைத் தட்டி நெத்தி நடுவுல வெச்சாங்க, சத்தம் எங்க கேக்குதுன்னாங்க, வலது காதுலன்னேன், அவங்க மொகம் மாறுன மாதிரி எனக்குத் தெரிஞ்சுது. சூட்சுமம் இதுதான். குறும்பியோ சளியோ அடைச்சிருந்தா சத்தம் அடைச்ச காதுலதான் பலமாக் கேக்கும், நரம்புப் பக்கம் போயிருந்தா நல்ல காதுலதான் கேக்கும். இதை வீட்டுலயே ஓரளவு பாத்துக்கலாம், வாயை மூடிட்டு ம்ம்ம்னு நீட்டி மொனகுங்க. ஒரு காதை வெரல்ல அடைச்சுட்டு மொனகிப் பாத்தீங்கன்னா அடைச்ச பக்கம் போகும், அது நல்ல காது செய்யற வேலை. அடைச்ச மாதிரி இருக்கற காதுல கேக்காம எதிர்க் காதுல கேட்டுச்சுன்னா அன்னைக்கே கெளம்புங்க. டாக்டர் டெஸ்ட்டுக்கு இது ஈடு இல்ல, ஆனா சளிதானேன்னு ஆறு நாள் வீட்டுல கெடக்கறதைத் தடுக்கும்.

ஆடியோகிராம்னு காது டெஸ்ட் பண்ணிக் குடுக்கற பேப்பர்ல வலது காது செவப்பு வட்டம், இடது காது நீலப் பெருக்கல் குறி. மேல இருந்தா நல்லாக் கேக்குது, கீழ எறங்க எறங்க மந்தம். என்னோட செவப்பு வட்டமெல்லாம் மேல வரிசையா உக்காந்திருந்துச்சு, நீலம் 60ல ஆரம்பிச்சு 8000 ஹெர்ட்ஸ்ல 80க்குப் போயிருச்சு. பிரட்னிசலோன்ங்கற ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பிச்சாங்க, ஒடம்பு எடைக்கு ஏத்த அளவு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக் கொறைச்சு. ஒரு மாசத்துல கீழ்ச்சத்தம், ஆம்பளைக் கொரல், லாரி இதெல்லாம் 30க்கு ஏறி வந்துச்சு. 4000, 8000 ஹெர்ட்ஸ்ங்கற கீச்சுச் சத்தம் மட்டும் 70ல நின்னது நின்னதுதான், அந்த எடத்துலதான் ஸ வும் ச வும் த வும் இருக்குது, கொழந்தைங்க பேசறதும் கீச்சுக்கீச்சுன்னு கத்தற சிட்டுக்குருவியும் இருக்குது. காரணம் தெரியாத திடீர் மந்தத்துல மூணுல ஒரு பங்குல இருந்து மூணுல ரெண்டு பங்கு பேருக்கு ஓரளவு திரும்புதுன்னு கணக்கு, ஆனா சுத்தலோட சேந்து வந்தவங்களுக்கு வாய்ப்பு கம்மி. மொத நாளே போயிருந்தா அந்த 4000 வந்திருக்குமான்னு கேட்டேன். அதைச் சொல்ல முடியாதுங்கன்னாங்க.

இப்ப பயப்படவேண்டிய ஒரு விஷயம். உள்காதுக்கு ரத்தம் போறது ஒரே ஒரு நூல் மாதிரி குழாய்ல, அது மூளையோட அடிப்பக்கத்துக் குழாய்ல இருந்து பிரிஞ்சு வருது. அங்க அடைப்பு வந்தாலும் இதே மாதிரிதான், சுத்தலும் காது மந்தமும் சேந்தே வரும். அம்பது தாண்டுனவங்க, சுகர் பிரஷர் இருக்கறவங்க, அதுவும் ரெட்டையாத் தெரியுது, நாக்கு கொழறுது, மூஞ்சி கோணுது, கைகால் மரத்துப்போச்சு, புடிச்சாலும் நிக்க முடியல, இதுக்கு முன்னாடி வராத தலைவலின்னா 108க்கு அடிங்க, எலுமிச்சம்பழம் வேண்டாம். இதுல டாக்டருங்க பண்ற ஒரு டெஸ்ட் இருக்குது, 1988ல ஆஸ்திரேலியாவுல ரெண்டு பேர் சொன்னது, என் மூக்கைப் பாருங்கன்னு சொல்லிட்டுத் தலையைப் புடிச்சு வெடுக்குன்னு கொஞ்சம் திருப்புவாங்க, காது கெட்டிருந்தா கண்ணு மூக்கை விட்டுட்டு அப்புறம் தாவிப் புடிக்கும். விடாமச் சுத்திட்டு இருக்கற ஆளுக்கு இந்த டெஸ்ட் நல்லா இருந்தாத்தான் டாக்டருக்கு பயம், காது நல்லா இருக்குதுன்னா அப்ப மூளைதானே. மந்தமும் சேந்து வந்துட்டா இதை மட்டும் நம்பமாட்டாங்க, ஸ்கேன் எழுதுவாங்க. சாதா சிடி ஸ்கேன்ல அந்த எடத்து அடைப்பு மொத நாள்ல பெரும்பாலும் தெரியாது, எம்ஆர்ஐதான்.

அதே மாதிரி எல்லாச் சுத்தலும் இது இல்ல. பெட்ல பொரண்டா, அட்டாலியில இருந்து ஏதாச்சும் எடுக்க அண்ணாந்தா அர நிமிசம் சுத்திட்டு நின்னுருதுன்னா அது அந்தச் சுண்ணாம்புக் கல்லு எடம் மாறி டியூப்புக்குள்ள விழுந்தது, எப்லின்னு ஒரு முறையில தலையைத் திருப்பித் திருப்பி வெச்சு டாக்டர் அதைத் திருப்பிக் கொட்டி விட்டுருவாரு, மாத்திரையே தேவையில்ல. கிருமியால காது அடிபட்டவங்களுக்கு சில மாசம் கழிச்சு இது வர்றது சகஜம், எனக்கு தை மாசம் வந்துச்சு, பழசு திரும்பிருச்சுன்னு பதறிட்டேன். விட்டுவிட்டு மணிக்கணக்குல சுத்தி, ஒவ்வொரு தடவையும் காது அடைச்சு அடைச்சுத் தொறந்துச்சுன்னா அது மெனியர்னு வேற ஆளு.

மிச்சக் காதோட வாழறதுல ரெண்டு விஷயம் யாரும் முன்கூட்டியே சொல்லல. ஒண்ணு, கேக்காத காதுல சத்தம் கம்மியாத்தான் இருக்கும்னு நெனைப்போம், ஆனா எவர்சில்வர் தட்டம் கீழ விழுந்தா அந்தக் காதுல ஆணி அடிக்கற மாதிரி இருக்கும், சின்னச் சத்தம் கேக்காது பெரிய சத்தம் தாங்காது. ரெண்டாவது, மச்சினன் கல்யாணத்துல இணைச்சீர் நடக்கறப்ப நாதஸ்வரக்காரர் சுருதி விட்டு வாசிக்கறார்னு எனக்கு ஒரே எரிச்சல், எங்கூட்டுக்காரிகிட்ட சொன்னேன், அது என்னை ஒரு மாதிரி பாத்துட்டு நல்லாத்தானுங்க வாசிக்கறாங்கன்னுச்சு. இடது காதை வெரல்ல அடைச்சேன், சுருதி சேந்துருச்சு. ரெண்டு காதும் ஒரே சொரத்தை வேற வேற உயரத்துல கேக்குது. அது நாலு மாசத்துல தானாப் போச்சு. குய்ய்ங்கற சத்தம் மட்டும் போகல, ராத்திரி ஃபேனை ஓட விட்டாத் தெரியாது, கரண்ட் போனாத்தான் தெரியும்.

ஒத்தைக் காதுல கேட்டா சத்தம் எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு தெரியாது, ஹாரன் அடிச்சா எல்லா ஹாரனும் வலது பக்கம். எக்ஸெல் வண்டியில ரெண்டு கண்ணாடியும் மாட்டிக்கிட்டேன், இடது பக்கக் கண்ணாடி அதுக்கு முன்னாடி எத்தனை வருஷம் இல்லாம ஓட்டுனேன்னு கணக்கே இல்ல. சர்டிபிகேட் கெடைக்குமான்னு கேட்டாங்க சில பேர். 2016 மாற்றுத்திறனாளி சட்டத்துல ரெண்டு காதுலயும் 60 டெசிபலுக்கு மேல போயிருந்தாத்தான் கணக்கு, ஒத்தைக் காதுக்காரன் சட்டத்துக்கு நல்ல காதுக்காரன்தான். கேக்கற மெஷின் வெச்சுப் பாக்கலாம், மொத்தமாப் போனவங்களுக்கு அந்தப் பக்கத்துச் சத்தத்தைப் புடிச்சு நல்ல காதுக்கு அனுப்பற மெஷினும் இருக்குது. இங்க திருப்பூர், நாமக்கல் ரெண்டுலயும் 2022ல அரசு மெடிக்கல் காலேஜ் வந்துருச்சு, காதுன்னா உள்ளூர்லயே ஈஎன்டி பாத்துக்கலாம். சத்தியமங்கலம் கோபிப் பக்கம் இருக்கற சில பேர் 1965ல ஆரம்பிச்ச மைசூர் பேச்சு-செவி இன்ஸ்டிடியூட்டுக்குப் போறாங்க, நல்ல எடம்தான், ஆனா தலை சுத்தலோட திம்பத்துல 27 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகணும்.

ஆறு மாசம் கழிச்சுக் கடைசி ஆடியோகிராம் எடுத்தாங்க, நீலக் குறி பழைய எடத்துலயேதான் இருந்துச்சு. அம்மாவுக்கு அந்தப் பேப்பரைக் காட்டி இது இது கேக்கும் இது கேக்காதுன்னு சொன்னேன். அது பேப்பரைத் திருப்பிக் குடுத்துட்டு, சேரை எடுத்து எனக்கு வலது பக்கமாப் போட்டு உக்காந்துட்டு, சரி சாமி, காப்பி குடிக்கறியான்னு கேட்டுச்சு.